ஏரியின் பாடும் பிறப்பின் பாடும்: தைராய்டுப் புற்றுநோயில் பரம்பரையின் பங்கு

சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் எல்லை பிரிக்கும் இடத்தில், பழவேற்காடு ஏரியின் மேற்குப் புறத்தில் கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்த சுண்ணாம்புக்குளம், கால்சியத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊராகும். அந்த ஏரியின் அடியில் கிளிஞ்சல் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. அவற்றைச் சூளையிலிட்டுச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கிறது. அந்தச் சுண்ணாம்பின் சாரமாக இருக்கும் கால்சியமே மனிதக் குருதியிலும் கரைந்து ஓடுகிறது. குருதியில் அதன் அளவு மிகக் குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதால், அளவைக் கூட்டவும் குறைக்கவும் உடலில் தனித்தனி இயக்குநீர்கள் உள்ளன. குறைக்கும் பக்கத்தில் நிற்கும் இயக்குநீருக்குக் கால்சிடோனின் என்று பெயர். ஏரியில் வலையில் விழும் மீனின் உடலில் கால்சிடோனினைச் சுரக்கும் உயிரணுக்கள் தனிச் சுரப்பியாக அமைந்திருக்க, மனிதன் உள்ளிட்ட பாலூட்டிகளில் அவை கருவளர்ச்சியின்போதே கழுத்துக்கு நகர்ந்து தைராய்டுச் சுரப்பிக்குள் குடியேறிவிடுகின்றன. பரம்பரையாக வரும் தைராய்டுப் புற்றுநோய்களில் மருத்துவம் மிகத் தெளிவாக அறிந்திருக்கும் வகை, இவ்வாறு குடியேறிய உயிரணுக்களிலிருந்தே தோன்றுகிறது.

ஒரு சுரப்பி, இருவகை உயிரணு

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலின் முன்புறத்தில், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போலப் படிந்திருக்கும் தைராய்டு, வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள சிறு சுரப்பி. அதன் பெரும்பகுதி நுண்ணிய பைகளால் ஆனது. அந்தப் பைகளின் சுவர் உயிரணுக்கள் குருதியிலிருந்து அயோடினை இழுத்துச் சேர்த்து, உடலின் வளர்சிதை மாற்ற வேகத்தை நிர்ணயிக்கும் தைராய்டு இயக்குநீரை உருவாக்குகின்றன. பைகளுக்கு இடையில் சிறுபான்மையாக இருப்பவையே கால்சிடோனின் சுரக்கும் உயிரணுக்கள்; அவை ‘சி உயிரணுக்கள்’ எனப்படுகின்றன.

சுவர் உயிரணுக்களில் பிறக்கும் புற்றுநோய்களில் காம்பு வகை பத்தில் எட்டுப் பங்கை எட்டும் பெருவகை. நுண்ணறை வகை அதற்கு அடுத்தது. மிக அரிதாகவும் மிகக் கொடியதாகவும் வரும் உருவிழந்த வகை மூன்றாவது. சி உயிரணுக்களில் பிறப்பது மெடுல்லரி வகை. மொத்தத்தில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரையே அதன் பங்கு. உலக அளவில் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5,86,000 பேருக்குத் தைராய்டுப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், ஆண்களைப் போல மூன்று மடங்கு பெண்களுக்கு அது வந்ததாகவும் கணிக்கப்பட்டுள்ளது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உரிய சிகிச்சையால் நோய் கட்டுப்படுகிறது என்ற ஆறுதலான உண்மையை முதலிலேயே மனத்தில் கொண்டுவிட்டால், பரம்பரை பற்றிய பேச்சை அச்சமின்றிக் கேட்க முடியும்.

உடலில் பிறக்கும் திரிபும் கருவில் வரும் திரிபும்

மரபணு என்பது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று உயிரணுவுக்குச் சொல்லும் எழுத்துக் கோவை. அந்தக் கோவையில் ஓர் எழுத்து மாறுவதைத் திரிபு என்கிறோம். திரிபு எப்போது நேர்ந்தது என்பதைப் பொறுத்து அதன் பொருளே மாறிவிடுகிறது. ஒருவர் பிறந்து வளர்ந்தபின் அவருடைய தைராய்டிலுள்ள ஓர் உயிரணுவில் மட்டும் நேரும் திரிபு உடல்வழித் திரிபு; அது அந்தக் கட்டியோடு நிற்கும், பிள்ளைகளுக்குப் போகாது. காம்பு வகைப் புற்றுநோய்க் கட்டிகளில் ஏறத்தாழப் பாதியளவில் காணப்படும் ‘பிராஃப்’ என்னும் மரபணுவின் திரிபு இவ்வகையைச் சேர்ந்தது. கட்டியின் ஆய்வறிக்கையில் ‘மரபணுத் திரிபு உள்ளது’ என்ற வரியைக் கண்டவுடன் குடும்பத்தார் பிள்ளைகளை நினைத்துக் கலங்குவது, பெரும்பாலும் இந்த வேறுபாடு எடுத்துச் சொல்லப்படாததால் வரும் கலக்கமே.

தாயின் கருமுட்டையிலோ தந்தையின் விந்தணுவிலோ இருந்து, கருவின் முதல் உயிரணுவிலேயே இடம்பிடித்து, அதனால் உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருப்பது கருவழித் திரிபு. இதைக் கட்டியில் தேட வேண்டியதில்லை. கையிலிருந்து எடுக்கும் சிறிது குருதியே போதும்.

கருவழித் திரிபு ஒருவருக்கு எதைத் தருகிறது என்பதைப் பழவேற்காட்டு மீனவர்களின் பாடு முறை நன்கு விளக்கும். ஏரியின் தென்பகுதிக் குப்பங்களில், இறால் பிடிக்கும் நீர்ப்பகுதிகள் ‘பாடு’ என்று பிரிக்கப்பட்டு, உரிமையுள்ள தலைக்கட்டுகளுக்குச் சீட்டு முறையாலும் சுழற்சி முறையாலும் ஒதுக்கப்படுகின்றன. அந்த உரிமை பிறப்பால் வருவது. ஆனால் அன்றைய வலையில் எவ்வளவு விழும் என்பது நீரோட்டம், பருவமழை, கடலையும் ஏரியையும் இணைக்கும் முகத்துவாரம் திறந்திருக்கிறதா மணல் மேடிட்டு அடைபட்டிருக்கிறதா என்பன போன்ற பலவற்றைப் பொறுத்தது. மரபணுத் திரிபும் பிறப்பால் வரும் ஒரு பாடுதான். சில பாடுகளில் எந்நாளும் வலை நிறையும்; பல பாடுகளில் மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிட ஒரு பிடி மட்டுமே கூடுதலாகக் கிடைக்கும். தைராய்டுப் புற்றுநோயின் பரம்பரைக் காரணிகளைப் புரிந்துகொள்வது என்பது, முதன்மையாக, இவ்விரு வகைப் பாடுகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் இருப்பதே.

ரெட் மரபணு: ஓரெழுத்தின் பளு

வலை எந்நாளும் நிறையும் பாட்டுக்கு எடுத்துக்காட்டு, 10ஆம் குரோமோசோமில் இருக்கும் ‘ரெட்’ மரபணு. மெடுல்லரி வகைப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நோய் பரம்பரையாக வருகிறது. அதன் காரணம் ஏறக்குறைய எப்போதுமே இந்த மரபணுவின் கருவழித் திரிபுதான். அதே திரிபு அட்ரினல் சுரப்பியிலும் கட்டியை உண்டாக்கக்கூடும். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 1886ஆம் ஆண்டில் அட்ரினல் கட்டிகளோடு இறந்த 18 வயதுப் பெண்ணைப் பற்றி ஃபெலிக்ஸ் ஃப்ரெங்கல் எழுதிவைத்த குறிப்பு, இந்நோயின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று. அவருடைய குடும்ப வழியில் வந்து இன்றும் வாழ்வோரிடம் ரெட் திரிபு இருப்பது ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின், 2007இல் உறுதியாயிற்று. அமெரிக்க மருத்துவர் ஜான் சிப்பிள் 1961இல் அட்ரினல் கட்டியும் தைராய்டுப் புற்றுநோயும் ஒருவருக்கே சேர்ந்து வருவதைச் சுட்டிக்காட்டினார். 1987இல் நோயின் இருப்பிடம் 10ஆம் குரோமோசோம் என்று தெரிந்தது. 1993இல் அது ரெட் மரபணுவே என்பது நிறுவப்பட்டது.

ரெட் செய்யும் புரதம் உயிரணுவின் சவ்வில் பொருந்தி, வெளியே ஒரு பகுதியும் உள்ளே ஒரு பகுதியுமாக நிற்கும் ஏற்பி. வெளியிலிருந்து வளர்ச்சிச் செய்தி வரும்போது இரண்டு ஏற்பிகள் நெருங்கி இணைகின்றன. அந்த இணைப்பே ‘பெருகு’ என்ற கட்டளையை உள்ளே அனுப்புகிறது. செய்தி நின்றால் ஏற்பிகள் விலகுகின்றன, கட்டளையும் நிற்கிறது. இந்த ஏற்பியின் வெளிப்பகுதியில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்கள் பல உள்ளன. கந்தக அணுவைக் கொண்ட சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துப் புரதத்தின் மடிப்பைக் காக்கின்றன. 634ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் ஓரெழுத்துத் திரிபால் வேறோர் அமிலமாக மாறிவிட்டால், அதனோடு கைகோத்திருந்த சிஸ்டீன் துணையிழந்து நிற்கிறது. துணையிழந்த அந்தக் கந்தகக் கை பக்கத்து ஏற்பியிலுள்ள அதேபோன்ற தனிக்கையைப் பற்றிக்கொள்கிறது. வெளியிலிருந்து எந்தச் செய்தியும் வராமலேயே இரண்டு ஏற்பிகளும் நிரந்தரமாக இணைந்துவிடுகின்றன. ‘பெருகு’ என்ற கட்டளை இரவும் பகலும் ஓயாமல் ஒலிக்கிறது.

திரிபு எந்த இடத்தில் நேர்ந்தது என்பது நோயின் போக்கையே தீர்மானிப்பதால், மருத்துவ வழிகாட்டுதல்களும் இடத்தைப் பொறுத்தே பிரிகின்றன. 918ஆம் இடத்தில் மெத்தியோனினுக்குப் பதிலாகத் திரியோனின் வந்துவிடும் திரிபு மிகக் கடுமையானது. அது உள்ள குழந்தைக்குப் பிறந்த ஓராண்டுக்குள்ளேயே தைராய்டை அகற்றிவிட வேண்டும் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. 634ஆம் இடத் திரிபுக்கு ஐந்து வயதிலோ, குருதியில் கால்சிடோனின் அளவு உயர்ந்தால் அதற்கு முன்னரோ அறுவை செய்ய வேண்டும். மென்மையான திரிபுகளில் கால்சிடோனினை ஆண்டுதோறும் அளந்து காத்திருக்க இடமுண்டு. நோய் தோன்றுமுன்பே ஓர் உறுப்பை அகற்றச் சொல்லும் துணிவை மரபணு அறிவு மருத்துவத்துக்குத் தந்த மிகச் சில இடங்களில் இது ஒன்று. தைராய்டு இல்லாதவர் நாள்தோறும் விழுங்கும் ஒரு மாத்திரையால் வழக்கமான வாழ்வை வாழ முடியும் என்பதே அந்தத் துணிவுக்கு அடிப்படை.

இங்கே மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. 634ஆம் இடத் திரிபு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் அட்ரினல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டி தோன்றுகிறது. அந்தக் கட்டி இருப்பதை அறியாமல் கழுத்து அறுவைக்காக மயக்க மருந்து கொடுத்தால், குருதி அழுத்தம் திடீரென எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மெடுல்லரி வகை என்று தெரிந்தவுடன் அட்ரினலைச் சோதித்து, கட்டி இருந்தால் அதை முதலில் நீக்கிய பின்னரே கழுத்தைத் தொட வேண்டும்.

பல எழுத்துகளின் மெல்லிய பளு

பெரும்பான்மையான காம்பு வகை, நுண்ணறை வகைப் புற்றுநோய்களில் பரம்பரையின் முகம் வேறு. குடல் முழுவதும் பாலிப்புகள் தோன்றும் குடும்பங்களில் ‘ஏ.பி.சி.’ மரபணு, கௌடன் நோய்த்தொகுதியில் ‘பிடென்’ மரபணு, சிறு வயதிலேயே பல முடிச்சுகளோடு தைராய்டு வீங்கும் சில குடும்பங்களில் ‘டைசர்’ மரபணு என்று கனமான திரிபுகள் இங்கும் உண்டு. ஆனால் அவை அரிதானவை. மற்றவர்களில் செயல்படுவன, மக்களில் பலரிடம் இயல்பாகக் காணப்படும், ஒவ்வொன்றும் சிறிதளவே ஆபத்தைக் கூட்டும் மாறுபாடுகள்.

ஐஸ்லாந்து மக்களை அடிப்படையாகக் கொண்டு ஜூலியஸ் குட்மண்ட்சன் முதலானோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய இரண்டு மாறுபாடுகளை அடையாளம் காட்டியது. ஒன்று 9ஆம் குரோமோசோமில் ‘ஃபாக்ஸ்-இ-1’ மரபணுவுக்கு அருகிலும், மற்றொன்று 14ஆம் குரோமோசோமில் ‘என்.கே.எக்ஸ். 2-1’ மரபணுவுக்கு அருகிலும் உள்ளன. இவ்விரு மரபணுக்களும் தைராய்டை உருவாக்கும் பணியிலேயே ஈடுபடுபவை. கருவில் தைராய்டு நாக்கின் அடியில் தோன்றி, பின்னர் கழுத்து வழியாக இறங்கித் தன் இடத்தை அடைகிறது. அந்த இறக்கத்துக்கு வேண்டிய மரபணுக்களுள் ஃபாக்ஸ்-இ-1 ஒன்று. உறுப்பைக் கட்டியெழுப்பும் மரபணுவுக்குப் பக்கத்தில் நேர்ந்த சிறு மாற்றம், முதிர்ந்த வயதில் அவ்வுறுப்பின் புற்றுநோய் வாய்ப்பையும் சிறிது அசைத்துவிடுகிறது.

‘சிறிது’ என்பதைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. இரண்டு மாறுபாடுகளையும் தாய் வழியிலும் தந்தை வழியிலுமாக இரட்டைப் படியாகப் பெற்றவர்களுக்கு, அவற்றில் எதுவும் இல்லாதவர்களைவிட ஆபத்து 5.7 மடங்கு என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. எதுவும் இல்லாதவர்களில் வாழ்நாளில் ஆயிரத்தில் மூன்று பேருக்கு நோய் வருவதாகக் கணக்குக்காக வைத்துக்கொண்டால், இரட்டைப் படி பெற்றவர்களில் அது ஆயிரத்தில் 17 பேராகும். மடங்கு பெரிதாகத் தெரிந்தாலும், மீதி 983 பேருக்கு நோய் வரப்போவதே இல்லை. ரெட் மரபணுவின் 634ஆம் இடத் திரிபு உள்ள ஆயிரம் பேரைச் சிகிச்சையின்றி விட்டால் ஏறக்குறைய எல்லோருக்குமே நோய் வரும். இரண்டையும் ‘மரபணு ஆபத்து’ என்ற ஒரே சொல்லால் அழைப்பது எவ்வளவு பொருந்தாதது என்பது இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்தாலே விளங்கும்.

ஐரோப்பிய வழியினரிடம் மிகப் பரவலாக இருக்கும் 9ஆம் குரோமோசோம் மாறுபாடு, ஜப்பானியர் முதலிய கிழக்காசியரிடம் மிகக் குறைவு. ஆகவே ஐரோப்பியரை அளந்து செய்த ஆபத்து மதிப்பெண்ணை வேறு மக்களுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது, ஓர் ஏரியின் நீரோட்டக் கணக்கை வைத்து வேறோர் ஏரியில் வலை விரிப்பதற்கு ஒப்பாகும். இந்திய மக்களை இந்திய மரபணுத் தொகைகளைக் கொண்டே படிக்க வேண்டும் என்பதன் தேவை இங்கிருந்தே எழுகிறது. ஏறத்தாழப் பத்தாயிரம் இந்தியரின் முழு மரபணுத் தொகையை வாசித்த ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் அந்தத் திசையில் ஓர் அடித்தளம்.

அகமணமும் மூதாதையர் விளைவும்

இந்திய மரபணு வரலாற்றில் அகமணம், அதாவது குறிப்பிட்ட சமூகத்துக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் வழக்கம், ஆழமான தடத்தைப் பதித்திருக்கிறது. சில மூதாதையரிடமிருந்து பெருகி, வெளியாரோடு கலவாமல் தலைமுறை தலைமுறையாக வாழும் சமூகத்தில், அந்த மூதாதையரில் ஒருவரிடம் இருந்த அரிய திரிபு பிற்காலத்தில் பலரிடம் காணப்படுவதை மூதாதையர் விளைவு என்பர். ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகங்களில் 81இல் இவ்விளைவு, அதற்குப் பெயர்பெற்ற ஃபின்லாந்து மக்களிடம் காணப்படுவதைவிட வலிமையாக இருந்தது. தைராய்டுத் துறையிலும் இதற்கு உலகச் சான்று உண்டு: டென்மார்க்கில் ரெட் மரபணுவின் 611ஆம் இடத் திரிபு பல குடும்பங்களில் காணப்படுவதற்கு ஒரே பொது மூதாதையர் வழியே காரணம் என்று கண்டறியப்பட்டுள்ளது.

மீனவக் குப்பங்கள் பலவும் ஏரிக்கரை நெடுக உறவுமுறையால் பின்னப்பட்டவை. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது தமிழகத்தில் பொதுவாகவே உள்ள வழக்கம். இவ்வழக்கத்தின் விளைவை அளவோடு சொல்ல வேண்டும். ரெட் திரிபு ஒரு படி இருந்தாலே நோயைத் தருவது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. எனவே உறவு மணம் அந்தத் திரிபைப் புதிதாக உண்டாக்குவதில்லை. உறவு மணத்தால் வாய்ப்புக் கூடுவது, இரண்டு படிகளும் பழுதானால் மட்டுமே வெளிப்படும் நோய்களுக்கு. தைராய்டு இயக்குநீரை உருவாக்கத் தேவையான தைராய்டு பெராக்சிடேஸ் முதலிய நொதிகளின் மரபணுக்கள் இரு படிகளிலும் பழுதானால், குழந்தை தைராய்டுக் குறைவோடு பிறக்கிறது. கவனிக்காமல் விட்டால், இயக்குநீர் போதாமையை ஈடுசெய்ய மூளையடிச் சுரப்பி ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்க, கழுத்தில் கழலை வளர்கிறது, அரிதாக அதனுள் புற்றும் தோன்றுகிறது. பிறந்த சில நாள்களுக்குள் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டுக் குருதியால் இக்குறையைக் கண்டறிந்து, மலிவான மாத்திரையால் மூளை வளர்ச்சியையும் காத்துவிடலாம்.

உணவு, கதிர், கருவி

பிறப்பின் பாடு எதுவாயினும் அதன்மீது ஓடும் நீரோட்டங்கள் பல. அயோடின் குறைந்த நாடுகளில் நுண்ணறை வகை மிகுந்தும், அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் காம்பு வகை மிகுந்தும் காணப்படுகின்றன. கடல்மீனும் இறாலும் அயோடினைத் தருபவை; அவை எட்டாத உள்நாட்டுக்காக இந்தியா 1962இல் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, அயோடின் கலந்த உப்பை நாடெங்கும் கொண்டு சேர்த்தது. கதிர்வீச்சு மற்றொரு நீரோட்டம். 1986இல் செர்னோபில் விபத்தில் வெளியான கதிரியக்க அயோடின், பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டைச் சென்றடைந்தது. பெலாரசில் அவ்வாறு நோயுற்றவர்களை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டு ஆய்வு, அங்கும் ஃபாக்ஸ்-இ-1 அருகிலுள்ள மாறுபாடே முன்னிற்பதைக் காட்டிற்று.

மூன்றாவது நீரோட்டம் கண்டறியும் கருவி. கழுத்தில் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கும் ஒலியலை ஊடுகாட்டல் செய்யத் தொடங்கிய தென் கொரியாவில், 1993 முதல் 2011 வரை தைராய்டுப் புற்றுநோய்ப் பதிவுகள் 15 மடங்காகப் பெருகின, இறப்போ மாறவில்லை. ஆயுள் முழுவதும் உறங்கிக் கிடந்திருக்கக்கூடிய சின்னஞ்சிறு கட்டிகளே அவற்றில் பெரும்பாலானவை. திருவனந்தபுரத்திலும் 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டில் பெண்களிடையே பதிவுகள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. அந்த உயர்விலும் மிகைக் கண்டறிதலின் கை உண்டு என்று அதை ஆராய்ந்தோர் கருதினர். ஆகவே மெல்லிய பளுவுடைய மாறுபாடுகளைக் காரணம் காட்டி ஊர் முழுவதையும் ஊடுகாட்டலுக்கு வரிசையில் நிறுத்துவது நன்மையைவிடத் தீங்கையே விளைக்கும்.

குடும்ப மரம்

எஞ்சும் வழி, கனமான திரிபை மட்டும் தேடிச் செல்வது. அதற்கு முதல் கருவி ஒரு தாளும் எழுதுகோலும். மரபணு ஆலோசகர் வரையும் குடும்ப மரத்தில் ஆண் சதுரம், பெண் வட்டம். நோயுற்றவர் கருமை தீட்டப்பட்டவர். மணத்தைக் குறிக்கும் கிடைக்கோடு உறவு மணமாயின் இரட்டைக் கோடாகும். மூன்று தலைமுறையை வரைந்து, யாருக்குக் கழுத்தில் கட்டி வந்தது, யார் இளவயதில் குருதி அழுத்தம் எகிறி இறந்தார் என்று கேட்டுக் குறித்தால், குடும்பம் தற்செயல் என்று எண்ணிவந்த இறப்புகள் ஒரே கிளையில் வரிசையாக அமர்வதைக் காணலாம். குடும்பத்தில் வேறு எவருக்கும் நோயில்லை என்று தோன்றும் மெடுல்லரி நோயாளிகளிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் கருவழி ரெட் திரிபு இருப்பதால், மரம் வெறுமையாக இருந்தாலும் அந்த வகை நோயாளி ஒவ்வொருவருக்கும் ரெட் சோதனை தேவை.

இதற்கான வாய்ப்புகள் ஏரிக்கரைக்கு எட்டாத தொலைவில் இல்லை. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, சென்னை மருத்துவக் கல்லூரியின் நாளமில்லாச் சுரப்பி அறுவைத் துறை, பரம்பரை உட்சுரப்பு நோய்களுக்கு மரபணுச் சோதனை செய்யும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவை இம்மாநிலத்திலேயே உள்ளன. தடையாக நிற்பது தொலைவைவிடத் தயக்கமே: ‘பரம்பரை நோய்க் குடும்பம்’ என்ற பெயர் வந்துவிட்டால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஊர் தயங்கும் என்ற அச்சம். அந்த அச்சத்தை மதித்து, சோதனை முடிவை உரியவரிடம் மட்டும் சொல்லி, அவர் ஒப்புதலோடு மட்டுமே உறவினரை அழைப்பது மருத்துவத்தின் கடமை. உறவினருக்குச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் காப்பு என்பதை நோயாளிக்குப் பொறுமையாக விளக்குவதும் அதே கடமையின் மறுபாதி.

ரெட் திரிபு உள்ள ஒருவரின் பிள்ளைகளில் சராசரியாகப் பாதிப் பேரிடம் அத்திரிபு இருப்பதில்லை. குருதிச் சோதனையில் ‘இல்லை’ என்று வந்த பிள்ளைக்கு ஆண்டுதோறும் கால்சிடோனின் அளக்க வேண்டியதில்லை, கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. இல்லாத திரிபை அவர் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் இயலாது என்பதால், அந்தக் கிளையில் சோதனை அத்தோடு முடிந்துவிடுகிறது. ‘உண்டு’ என்ற விடை ஒரு குழந்தைக்கு உரிய காலத்தில் அறுவையைத் தருகிறது. ‘இல்லை’ என்ற விடை அதன் உடன்பிறப்புக்கும் அதன் வழிவருவோருக்கும் விடுதலையைத் தருகிறது. குடும்பத்தில் முதலில் நோயுற்றவர் தம் கையை நீட்டிக் கொடுக்கும் ஒரு சிறு குழாய்க் குருதியால்தான் இவ்விரு விடைகளும் கிடைக்கின்றன.